ஏப்ரலில் பனி கொட்டினால், பூமி சூடாவதற்கு முன்பு இருந்தது போல குளிர்காலம் பழையபடி ஆகிவிட்டதா?

இதை ஒரு வருடத்தை வைத்துச் சொல்லவே முடியாது, 'இயல்பு அளவு' வேண்டும். அதாவது 30 வருடப் பனிப்பொழிவின் சராசரி. அமெரிக்காவில் இப்போது 1991–2020 கணக்கு.

ஏன் இத்தனை வருடம்? பாஸ்டனைப் பாருங்கள், 2011–12 குளிர்காலம் முழுவதற்கும் 9.3 அங்குலம்தான், 2014–15இல் 110.6, அதற்கும் முன்னால் 1997இல் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் 1 வரை நீண்ட ஒரே புயலில் 25 அங்குலத்துக்கு மேல்! புயல் கரையை ஒட்டி வரும் பாதை கொஞ்சம் விலகினாலே பனி மழையாகிவிடும், இல்லை கடலோடு போய்விடும். ஒரு மாட்ச்சில் சதம் அடித்ததை வைத்தா பேட்ஸ்மேனை எடைபோடுகிறோம், சராசரியைத்தானே பார்க்கிறோம்.

அப்புறம், பூமி சூடானால் பெரிய பனிப்புயலே வராது என்று நினைப்பது தவறு: சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், உறையும் அளவுக்குக் குளிர் இருந்தால் அதுவும் பனியாகத்தான் கொட்டும்.