ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

அன்புள்ள அக்கா,

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் இப்போது 42 பிள்ளைகள். அடுத்த பத்தாண்டுக்கான திட்டத்தை எழுதித் தரும்படி மாவட்ட அளவிலான கூட்டத்தில் எல்லாப் பள்ளிகளையும் கேட்டிருக்கிறார்கள். '2035-க்குள் மாவட்டத்தின் முதன்மைத் தமிழ்ப்பள்ளி', '100 மாணவர்கள்', '90 விழுக்காடு தேர்ச்சி' என்று வரைவு போட்டிருக்கிறோம். மண்டபம், திறன்பலகை, கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையே இல்லாதபோது என்ன எழுதி என்ன பயன் என்றும் தோன்றுகிறது. எங்கள் இலக்குகள் சரிதானா? நீங்கள் சொன்னால் தைரியமாக இருக்கும்.

க., சுங்கை சிப்பூட்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊர்க்காரர். 1954-ல் அந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பியதற்கு முன்னின்றவர். வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் ஆட்கள் வேலையும் வீடும் சேர்ந்து போய் நின்ற நேரத்தில், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளியாக, அதாவது பத்து ரிங்கிட்டாக, கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நீண்டகாலத் திட்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பத்து வெள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. இந்த மாதம் யார் கட்டவில்லை என்று கணக்கைப் பார்த்தால் தெரியும். ஏன் கட்டவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்.

உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை.

90 விழுக்காடு என்று போட்டிருக்கிறீர்கள். 42 பிள்ளைகள் என்றால் ஆறாம் ஆண்டில் ஏழு பேர் இருப்பார்களா? ஒரு பிள்ளை தவறினால் 86 விழுக்காடு. ஏழு பேரும் தேறினால் 100. நீங்கள் எழுதியிருக்கும் 90 உங்கள் பள்ளியில் வரவே வராது. அது வேறு எங்கிருந்தோ எடுத்த எண். கல்வி அமைச்சு விழுக்காட்டில்தான் பேசியாக வேண்டும். 2013 முதல் 2025 வரையிலான கல்விப் பெருந்திட்டம், நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள தேர்ச்சி இடைவெளியை 2020-க்குள் பாதியாகக் குறைப்போம் என்றது, பாலர் பள்ளி முதல் மேல் இடைநிலை வரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்க வேண்டும் என்றது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. 42 பிள்ளைகளை வைத்திருக்கிற உங்களுக்கு இருக்கிறது.

100 மாணவர்கள் என்பதை எடுத்துவிடுங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்ட வேலைக்கு வெளிநாட்டவர்கள் வந்தார்கள், நம் குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான்களுக்குப் போய்விட்டன. இன்னும் 58 பிள்ளைகளை எந்த லயத்து வீடுகளிலிருந்து கூட்டி வருவீர்கள்? 1957-ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அமைச்சின் கணக்கில் குறைந்த மாணவர் பள்ளிதான், 42 ஆனாலும் 100 ஆனாலும் அதே பட்டியல். பள்ளியைத் தாமானுக்கு மாற்றுவது தனிப் பேச்சு, அதை மேலாளர் வாரியத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். மண்டபமும் திறன்பலகையும் கேளுங்கள், தப்பே இல்லை. இருமொழித் திட்டத்தைப் பற்றி இப்போது பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எழுதினீர்களே, அதை நான் விடமாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் பக்கத்து வீட்டில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். தமிழ்ப்பள்ளியில் கணக்கில் அவள்தான் முதல். வாத்தியார் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். மலாய் மட்டும் வரவில்லை. தோட்டத்தில் யாரோடு மலாய் பேசிப் பழகுவது? பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் அவளை, மலாய் போதாத பிள்ளைகளை ஓராண்டு வைக்கும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். நான் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்று, அவள் அதற்கும் கீழே. எங்களுக்குள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அவள் அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் மகளுக்குத் தலை பின்னி, பசியாறக் கட்டிக் கொடுத்து, கையில் டார்ச் விளக்கோடு சாலை முனைவரை கொண்டுவந்து விடுவார். பஸ் வரும்வரை எங்கள் இரண்டு பேரோடும் நின்றுவிட்டுத்தான் ஓடுவார். தாமதமானால் அன்றைக்குப் பெயர் இல்லை, கூலியும் இல்லை. அக்கறை இல்லாதவர் செய்கிற வேலையா இது?

புறப்பாட நடவடிக்கை மாலையில் நடக்கும். அது முடியும்போது தோட்டத்துப் பக்கம் போகும் கடைசி பஸ் போயிருக்கும். தங்கினால் வீட்டுக்கு வர வழியில்லை. தங்காமல் வந்தால் கட்டொழுங்கு ஆசிரியர் பெயரை எழுதிக்கொள்வார். என் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவான். அவளுக்கு அண்ணன் இல்லை. முதலில் மாலை நடவடிக்கை இருக்கும் நாட்களில் பள்ளிக்கு வரமாட்டாள். அப்புறம் மறுநாளும் வரமாட்டாள், ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில். பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன, எல்லாம் மலாயில். அந்த அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கடிதத்தை மகளிடமே கொடுத்து, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். ஏதோ கூட்டமாம் என்று மகள் சொன்னாள். அவர் அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். படிவம் இரண்டில் பெயரை வெட்டிவிட்டார்கள்.

அவள் ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆனபின், கோயில் திருவிழாவில் எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியாரைப் பார்த்தேன். "உன் கூட்டாளி கணக்கு டீச்சர் ஆகியிருப்பாளே?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது, தம்பி. இரவு லயத்துக்கு வந்து எங்களை எழுப்பிப் படிக்கவைத்த மனிதர். அவரையே நான் எப்படிக் குறை சொல்வது? பள்ளிப் பதிவேட்டில் ஆறாம் ஆண்டோடு எங்கள் வரி முடிந்துவிட்டது. அதற்கு மேல் எங்களைத் தேடுவது யார் வேலை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1912-ன் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்தப் பிள்ளைகள் அங்கிருந்து எங்கே போவார்கள் என்ற கேள்வி அன்று எழவில்லை. அப்பா வெட்டிய மரத்துக்கே மகனும் போவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2003 முதல் ஆறாண்டு ஆரம்பக் கல்வி கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் சட்டம் பெற்றோரைத்தான் பிடிக்கும். பஸ்ஸை அது பிடிக்காது. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற கடிதத்தை அது படித்துச் சொல்லாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் வரைவில் அதற்கு ஒரு வரி இல்லையே என்பதுதான் என் கோபம். 2035 வரை போகிற திட்டம், ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானதும் நின்றுவிடுகிறது.

இன்று உங்கள் முதலாம் ஆண்டில் இருக்கிற பிள்ளைக்கு 2035-ல் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் வயது வந்திருக்கும். அந்தப் பிள்ளை அப்போது எந்தப் பள்ளியில் எந்தப் படிவத்தில் இருக்கிறது என்று உங்கள் பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் உங்களுக்கு அந்த ஒரே இலக்கு போதும். முதன்மைப் பள்ளி என்ற பேச்சே வேண்டாம்.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆறாம் ஆண்டு முடித்தவர்களை முதலில் எழுதுங்கள், முப்பது நாற்பது பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் இப்போது எங்கே என்று வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். சில வீட்டில் கதவைத் திறக்கத் தயங்குவார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் நின்றுபோன பிள்ளையும் இருக்கலாம், அதை உடனே தனியாகக் கவனியுங்கள். புத்தகம் சங்கத்திடம் இருக்கட்டும். தலைமையாசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள், ஓய்வு பெறுவார்கள். நீங்களும் ஆண்டுக்கூட்டத்தில் மாறலாம். பொறுப்பை ஒப்படைக்கும்போது வங்கிக் கணக்கோடு இதையும் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லை என்றால் யார் அந்த வீட்டுக்குப் போவது என்று ஆளைச் சொல்லி எழுதுங்கள். 'சங்கம்' என்று எழுதாதீர்கள், சங்கம் நடந்து போகாது.

வரைவில் பிள்ளைகளின் பெயர்களைப் போட்டு வெளியே அனுப்ப வேண்டாம். எத்தனை பேர் தொடர்கிறார்கள், எத்தனை பேர் எந்தப் படிவத்தில் நின்றார்கள், என்ன காரணம் என்று மட்டும் எழுதுங்கள். அமைச்சின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவரும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பழைய மாணவர்களின் நிலையைத் தமிழ்ப்பள்ளிக்குத் தெரிவிக்க முடியுமா என்று மாவட்ட அதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்கள். புறப்பாட நாட்களில் மாலை பஸ் வேண்டும் என்று தனி மனு கொடுங்கள், இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மனுவை மலாயில் எழுதச் சிரமமாக இருந்தால் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் மலாயில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா