அவள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை

கேள்வி: எனக்கு 16 வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்காரும் பெண், தினமும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைய மேகங்களை வரைந்து தேதி போடுகிறாள். மூன்று மாதமாக அவளிடம் பேச வேண்டும் என்று இருக்கிறது. அதற்காகவே மேகங்களைப் பற்றி நிறையப் படித்து வைத்திருக்கிறேன். போன வாரம் நூலகத்தில் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, "இதை முடிச்சிட்டியா?" என்று அவளே கேட்டாள். நான் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்! அதிலிருந்து அவள் இருக்கும் பக்கமே போவதில்லை. மற்ற பெண்களிடம் சாதாரணமாகத்தான் பேசுகிறேன். இவளைக் கண்டால் மட்டும் ஏன் இப்படி? "நாங்க போய்ச் சொல்லட்டுமா" என்கிறார்கள் நண்பர்கள். நானே சொல்லிவிடட்டுமா? இப்படி நினைப்பதே தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. 16 வயதில் ஒருவரைப் பிடித்துப்போவது உடம்பும் மனதும் ஒழுங்காக வளர்கிறது என்பதற்கு அடையாளம். அதிலும் நீ அவள் முகத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மேகம் வரைவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது.

சரி, இவளிடம் மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது? மற்றவர்களிடம் பேசும்போது உன் கவனம் பேச்சில் இருக்கிறது. இவளிடம் பேசும்போது அது உன்மேல் திரும்பிவிடுகிறது. கை எங்கே இருக்கிறது, குரல் நடுங்குகிறதா, என்ன நினைப்பாள் என்று உன்னையே நீ காவல் காத்துக்கொண்டிருக்கிறாய். கூடவே அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, காது சூடாகிறது. ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதுவதற்கு முன்னால் வருமே, அதே படபடப்புதான். அந்த நிலையில் எளிய கேள்வி ஒன்று வந்தால்கூட, வாயில் கிடைத்த வார்த்தைதான் வெளியே வரும். உனக்குக் கிடைத்தது "தேங்க்ஸ்".

அது உனக்கு மலையாகத் தெரிகிறது. அவளுக்கு அப்படி இருக்க வாய்ப்பே குறைவு. வளரிளம் பருவத்தினர் எந்நேரமும் ஒரு கூட்டம் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறார்கள் என்று டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரும் வைத்தார். 2000-இல் தாமஸ் கிலோவிச் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, சக மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டுக்கொண்டவர்கள், அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒருவர்தான். மற்றவர்கள் அவரவர் கவலையில் இருந்திருப்பார்கள். அவளும் அன்றைக்கு, "ஏதோ அவசரம் போல" என்று நினைத்துக்கொண்டு வேறு புத்தகம் தேடப் போயிருப்பாள்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரமாக நீ அவள் பக்கமே போகாமல் இருக்கிறாயே, எனக்குக் கவலை அதில்தான். கூச்சத்தில் வரும் மௌனம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கூச்சமாகத் தெரியாது. நான் பள்ளியில் படித்தபோது ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை மாணவன் தினமும் ஏதாவது பேச்சுக் கொடுப்பான். எனக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே குனிந்த தலை நிமிராமல் சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு கட்டத்தில் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். பல வருடம் கழித்துப் பார்த்தபோது, "உனக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது என்று நினைத்திருந்தேன்" என்றான். அவன் அவ்வளவு நாள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் வருத்தம். உன் வகுப்புத் தோழி அப்படி நினைக்க இடம் கொடுத்துவிடாதே.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நீ மூன்று மாதமாகத் தேடுகிறாய். அதை அவளே ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். "அன்னைக்கு அந்தப் புக் பத்திக் கேட்டியே, ஏதோ யோசனையில பதில் சொல்லாம போயிட்டேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன், வேணும்னா நீ எடுத்துக்கோ." இதற்கு மேல் ஒரு வார்த்தையும் முதல் நாளில் தேவையில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் அந்த இரண்டு நிமிடம் போதும். கூட்டம் சுற்றி நிற்கும்போது வேண்டாம். அவள் விலகிப் போக முடியாத மூலையிலும் வேண்டாம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

அப்புறம் அந்த மேகப் படிப்பு. 1802-இல் லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் மேகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்தது, கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் எல்லாம் இப்போது உனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதை அவளிடம் ஒப்பித்துக் காட்டாதே. மூன்று மாதமாகத் தினமும் வானத்தைப் பார்த்து வரைபவளுக்கு, புத்தகத்தில் இல்லாதது எவ்வளவோ தெரிந்திருக்கும். "ஒரே நேரத்தில்தான் வரைவியா? மேகமே இல்லாத நாளில் என்ன போடுவ?" என்று கேள். பதில் சொல்லும்போது உன் அடுத்த வாக்கியத்தைத் தயார் செய்யாமல் காது கொடுத்துக் கேள். கவனம் அந்த நோட்டுக்குப் போய்விட்டால் உன்னைக் காவல் காக்கும் வேலை தானாக நின்றுவிடும்.

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறாளா, கண் வேறெங்கோ போகிறதா? "சரி, பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பு. இன்னொரு நாள் அவளாகப் பேசினால் பேசு. ஒவ்வொரு முறையும் விலகியே போனால் விட்டுவிடு. வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் விருப்பம் அவளுடையது. அவள் தோழிகளிடம் விசாரிப்பது, பின்னால் நடந்து போவது, அவள் இணையத்தில் போடும் படங்களை நள்ளிரவில் உட்கார்ந்து பழசு வரை தோண்டுவது, எதுவும் வேண்டாம்.

நண்பர்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர்களைத் தூது அனுப்பாதே. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேருக்குத் தெரிந்தால், அவள் கடந்து போகும்போது ஒருவன் இருமுவான், இன்னொருவன் உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவான். உனக்கு அது உள்ளுக்குள் இனிக்கக்கூட செய்யும். அவளுக்கோ அன்றிலிருந்து அந்த வழியாக நடப்பதே தண்டனை. செய்யாத ஒன்றுக்கு வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்துச் சிரிக்கும். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால், "இது எனக்குப் பிடிக்கல, விடுங்கடா" என்று இன்றைக்கே சொல். ஒரே முறை, சிரிக்காமல் சொல்.

நீயே சொல்லிவிடலாமா என்றால், இப்போது வேண்டாம். பேசிப் பழகாத ஒருவரிடம் திடீரென்று மனதைக் கொட்டினால், உடனே முடிவு சொல்லும் பாரம் அவர் தலையில் விழுகிறது. தவிர, உனக்கு இதுவரை தெரிந்தது அவளுடைய நோட்டின் ஒரு பக்கம்தானே? அவள் எதற்குக் கோபப்படுவாள், எதைக் கண்டு பயப்படுவாள், எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள் என்பதெல்லாம் தெரியாது. பழகிப் பார். பழகிய பிறகு நல்ல தோழியாக மட்டும் தெரியலாம். பிரியம் இன்னும் கூடலாம். அப்படிக் கூடினால், அப்போது எனக்கு மறுபடி எழுது, பேசுவோம்.

அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டாயா? மிச்சம் இருந்தால் இன்று இரவு உட்கார்ந்து முடித்துவிடு. அவளுக்கு அது வேண்டியிருக்கிறது.