டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா': கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டெஃப் லெப்பர்டை கிளாம் மெட்டல் (பளபளப்பான தோற்றமும் மனதில் பதியும் கோரஸ்களும் கொண்ட ஹெவி மெட்டல் ராக் வகை) குழுவாகக் கருதலாமா?

பதில்: 1977-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் தொடங்கிய இக்குழு, 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' எனப்பட்ட ராக் இசை இயக்கத்தோடு வளர்ந்தது. கிளாம் மெட்டல் என்ற பெயரை உறுப்பினர்கள் விரும்புவதில்லை. ஆயினும் 1987 ஆகஸ்டில் வெளிவந்த 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தின் மினுமினுப்பையும் கூட்டுக்குரல் கோரஸ்களையும் கேட்பவர் வேறு எந்த அலமாரியில் அதை வைப்பார்?

கேள்வி: முந்தைய ஆல்பமான 'பைரோமேனியா' 1983-இல் வந்துவிட்டது. அடுத்ததற்கு ஏன் நான்கு ஆண்டுகள்?

பதில்: தயாரிப்பாளர் மட் லாங்கே களைப்பின் காரணமாகத் தொடக்கத்திலேயே விலகினார். மாற்றாக வந்த ஜிம் ஸ்டைன்மனோடு குழுவுக்கு ஒத்துப்போகவில்லை. 1984 டிசம்பர் 31 அன்று நேர்ந்த கார் விபத்தில் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன் இடது கையை இழந்தார். பின்னர் லாங்கே திரும்பி வந்தபோது, அதுவரை பதிவானவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' போல ஒவ்வொரு பாட்டும் தனி சிங்கிளாக வெளிவரத் தக்கதாக ஒரு ராக் ஆல்பம் அமைய வேண்டும் என்பது அவர் எண்ணம். தாமதத்தின் ஆணிவேர் விபத்தைவிட இந்த எண்ணமே என்பது என் கருத்து.

கேள்வி: டிரம்ஸ் ஒலி இயந்திரத்தனமாக இருப்பதற்கு ஆலனின் விபத்துதான் காரணமா?

பதில்: பலரும் அப்படி நம்புகிறார்கள், ஆனால் 'பைரோமேனியா'விலேயே லாங்கே டிரம்ஸுக்கு, பதிந்த ஒலிகளை வேண்டியபடி இசைக்கும் ஃபேர்லைட் கணினியைப் பயன்படுத்தியிருந்தார். விபத்து நேராதிருந்தாலும் ஒலி ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். ஆலனின் சாதனை வேறு வகையானது: இடது கை அடித்தவற்றை இடது காலால் பெடல்களை மிதித்து எழுப்பும்படி மின்னணு டிரம்ஸை அமைத்துக்கொண்டு, தம் வாசிப்பு முறையையே மறுபடி கற்று, 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் ராக் விழா மேடையில் வாசித்துக் காட்டினார்.

கேள்வி: கிட்டார்கள் சில இடங்களில் கீபோர்டு போல் ஒலிக்கின்றனவே?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பதிலாக, 'பாஸ்டன்' என்னும் அமெரிக்க ராக் குழுவின் டாம் ஷோல்ஸ் வடிவமைத்த ராக்மேன் என்னும் கையடக்கக் கருவியின் வழியாகவே கிட்டார் கலைஞர்கள் ஃபில் காலனும் ஸ்டீவ் கிளார்க்கும் பெரும்பாலும் வாசித்தார்கள். சில கார்டுகளை (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டுகளை) ஒரே மீட்டலில் பதியாமல் கம்பி கம்பியாகத் தனித்தனியே பதிந்து அடுக்கினார்கள். விரல்களின் உரசலும் சுருதிப் பிசகும் மறைந்து, பளிங்கு போன்ற ஒலி மிஞ்சியது. அதில் உயிர் குறைவு என்று குறைகூறுவோர் உண்டு. இருவரும் வெவ்வேறு வரிகளை வாசித்துப் பின்னிக்கொள்ளும் தலைப்புப் பாட்டைக் கேட்டபின் அக்குறையை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: 'போர் சம் ஷுகர் ஆன் மீ' கடைசியில் சேர்க்கப்பட்டதாமே?

பதில்: ஆம். இடைவேளையில் பாடகர் ஜோ எலியட் மீட்டிக்கொண்டிருந்ததைக் கேட்ட லாங்கே, அதை உடனே பாட்டாக்கலாம் என்றார். ஆல்பம் முடியும் தறுவாயில் பிறந்த அந்தப் பாட்டுதான், அமெரிக்காவில் மந்தமாக இருந்த விற்பனையைத் தூக்கி நிறுத்தியது. வெளியாகி ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், 1988 ஜூலையில், ஆல்பம் அங்கே விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டு பாடல் பட்டியலில் இரண்டாமிடத்தோடு நின்றது. முதலிடம் அதே ஆண்டில் இதே ஆல்பத்தின் 'லவ் பைட்ஸ்' பாட்டுக்குக் கிடைத்தது.

கேள்வி: இசைத்தட்டு வாங்குவதா, சிடி வாங்குவதா?

பதில்: பன்னிரண்டு பாட்டுகளும் சேர்ந்து 62 நிமிடங்களுக்கு மேல் ஓடுகின்றன. முதல் வெளியீட்டில் இத்தனையையும் ஒரே இசைத்தட்டில் அடக்கினார்கள். தட்டில் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கினால் ஒலியின் அளவைக் குறைத்தே பதிய முடியும். பழைய தட்டை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சிடியோ, இரட்டைத் தட்டாக வந்த மறுவெளியீடோ மேல்.