நோட்டைக் கிழிப்பது பிடிவாதமா?

கேள்வி: பூம்பாறையில் இருக்கிறோம். மகனுக்கு ஆறரை வயது, ஒன்றாம் வகுப்பு. நன்றாகப் பேசுகிறான், மனக்கணக்கு சொல்கிறான். ஆனால் ஸ்வெட்டர் பட்டன் போட வரவில்லை, இறக்கத்தில் அடிக்கடி விழுகிறான், எழுதச் சொன்னால் நோட்டைக் கிழித்து எறிகிறான். பள்ளியில் பிடிவாதம் என்கிறார்கள். மதுரையில் ஒரு தெரபி சென்டரில் வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். பூண்டுக் காட்டு வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது? போகாவிட்டால் தேறமாட்டானா, டாக்டர்?

பதில்: வேலையை விட வேண்டாம், அம்மா. அவனுக்கு வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கக்கூடியது.

கிழிப்பதை மட்டும் பார்த்தால் பிடிவாதம்தான். பட்டன், விழுதல், எழுத்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கை சொன்னபடி கேட்காத பிள்ளை, வராத வேலையிலிருந்து தப்பிக்கக் கிழிக்கிறான். கிழித்ததும் எழுதும் வேலை நின்றுவிடுகிறது. அதனால் நாளைக்கும் கிழிப்பான்.

அறிவு நன்றாக இருந்தும் அசைவுகளைக் கோத்துச் செய்ய வராத இந்த நிலைக்கு டி.சி.டி. (டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்) என்று பெயர். பள்ளி வயதில் 100 பிள்ளைகளில் 5, 6 பேருக்கு இருக்கிறது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்தே இருக்கும். உங்கள் மகனுக்கு இதுதானா என்பதை நேரில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்; 5 வயது தாண்டிவிட்டதால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

2019இல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகள் சொல்வது இதுதான்: எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே பழக்க வேண்டும். பூண்டு உரிப்பது விரலுக்கு நல்ல வேலை. ஆனால் பூண்டு உரித்தால் பூண்டு உரிக்கத்தான் வரும், எழுத்து வராது. எடை வைத்த சட்டை போட்டால் சரியாகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. நரம்பு டானிக் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

பட்டனிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்க் காலைக் குளிரில் விறைத்த விரலோடு பழக்கினால் யாருக்கும் வராது. பள்ளி விட்டு வந்தபின், கையை வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெரிய பட்டனாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, மாற்றித் தையுங்கள். நூலை இறுக்கித் தைத்தால் பட்டன் துணியோடு ஒட்டிக்கிடந்து விரலுக்குப் பிடி கிடைக்காது; அரிசி மணி கனத்துக்குத் தளர்வு விடுங்கள். கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, அது கடைசியில். வயிற்றருகே உள்ளதை எடுங்கள். நீங்கள் அவன் பின்னால் உட்கார்ந்து பட்டனைப் பாதி துளைக்குள் நுழைத்து வையுங்கள். மீதியை இழுத்து முடிப்பது மட்டும் அவன் வேலை. வேலை முடிந்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்க வேண்டும், அதனால்தான் பின்னிருந்து முன்னால் பழக்குகிறோம். தொடர்ந்து ஐந்து முறை சரியாக வந்தால் நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். பெரும்பாலும் தவறுவது இடது கையில்தான்: துளையின் ஓரத்தைப் பிடிக்காமல் துணியைக் கசக்கிப் பிடிப்பான். ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு, ‘சிவப்பைப் பிடி’ என்று மட்டும் சொல்லுங்கள்.

எழுத்துக்கு, தினமும் 10 நிமிடம் போதும். கனடாவில் 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், எழுத வைக்காத பயிற்சிகளும், 20 தடவைக்குக் குறைவான பயிற்சிகளும் பலன் தரவில்லை. ஆகவே ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள். நாற்காலியில் கால் தொங்கினால் உடம்பை நிலைநிறுத்துவதற்கே அவன் கவனம் போய்விடும். பாதம் படியும்படி கீழே ஒரு பலகை போடுங்கள். சுண்டுவிரல் நீளத்துக்கு உடைத்த பென்சில் கொடுத்தால் முழுக்கையாலும் பிடிக்க இடமிருக்காது. நேர்க்கோட்டு எழுத்துகளான ட, ப முதலில். வளைவும் சுழியும் உள்ள ண, ஞ பிறகு. பக்கம் முழுக்க வேண்டாம், ஐந்து எழுத்து. எது நன்றாக வந்தது என்று அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள்.

கிழிக்க ஆரம்பித்தால் திட்டவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். ஐந்தை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை அவன் கையைப் பிடித்தாவது முடித்துவிட்டு எழுப்புங்கள். ‘உதவி வேணும்’ என்று சொல்லப் பழக்கி, சொன்ன உடனே உதவுங்கள். ஆசிரியரிடமும் பேசி, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இறக்கத்துக்கு, நழுவும் ரப்பர் செருப்பை நிறுத்தி, குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த காலணி போடுங்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஏறுகிறானா, கெண்டைக்கால் பருத்திருக்கிறதா, போன வருடம் ஏறிய படி இப்போது ஏற முடியவில்லையா? ஆண் பிள்ளைகளுக்கு வரும் தசை நோயின் அறிகுறி இது, சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் புதிதாகத் தள்ளாட்டம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி, அரசுப் பள்ளிகளுக்கு வருடம் ஒருமுறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அவர்கள் சீட்டு எழுதித் தருவார்கள். அங்கே கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருந்தால், நீங்கள் மாதம் ஒருமுறை அங்கே வந்து வீட்டுப் பயிற்சியை மாற்றிக்கொண்டு போக முடியுமா என்று கேளுங்கள். போகும்போது அவன் எழுதிய தாள்களை, கிழித்தவற்றையும் சேர்த்து, தேதி போட்டு எடுத்துப் போங்கள்.