பழைய செயின்சாவுக்கு எத்தனை அங்குல பார் போடலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பல வருடமாக மரம் வெட்டும் வேலை செய்கிறேன். செயின்சா என்பது எஞ்சினில் ஓடும் ரம்பம்; பார் என்பது அதில் பல் வைத்த செயின் சுற்றி ஓடும் நீண்ட தட்டையான பட்டை. பழைய செயின்சா வாங்கியவர்கள் கேட்டதும் என் பதிலும் கீழே.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஸ்டில் கம்பெனியின் பழைய 026 மெஷின் ஒன்று வாங்கினேன். 20 அங்குல பாரோடு வந்தது. தைல மரத்தில் பாதி இறங்கியதும் செயின் நின்றுவிடுகிறது. செயின் மழுங்கிவிட்டதா?

அரம் போட்டுப் பாருங்கள் தம்பி. ஆனால் எனக்குப் பாரின் மேல்தான் சந்தேகம். 026 என்பது 48.7 சிசி. அதற்கு 16 அங்குலம் சரியாக இருக்கும். தடித்த மரத்தில் பார் நீளமாக இருந்தால் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்கள் கூடும், செயின் ஓடும் பாரின் காடியில் (பள்ளத்தில்) உராய்வும் கூடும். எஞ்சின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும், எண்ணெய் நுனிவரை சரியாகப் போய்ச் சேராது. இதே அளவு மெஷினில் 20 போட்டுக் காய்ந்த தைல மரத்தை அறுத்தவன் நான். மூடிக்குள்ளிருந்து புகை வந்தது. திறந்து பார்த்தால் கிளட்ச் டிரம் நீலம் பாய்ந்து கிடந்தது.

16 அங்குலம் என்பதும் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால்தான். உங்கள் மெஷினில் இன்று எவ்வளவு பலம் மிச்சம் என்று பாருங்கள். எஞ்சின் ஆறியபின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். நின்று நின்று இறங்கினால் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் அழுத்தம்) இருக்கிறது. சர்ரென்று தரைக்கு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அழுத்தம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால் 150 பிஎஸ்ஐ திருப்தி. 120க்குக் கீழே என்றால் முதலில் எஞ்சினைச் சரி செய்யுங்கள், பாரைப் பிறகு பார்க்கலாம்.

டோங்காட்டிலிருந்து ஒருவர்: ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் என் மச்சானிடம் வாங்கிய பழைய மெஷின். அங்கே அருமையாக ஓடியது. இங்கே வீலென்று கத்துகிறது, மரத்தில் வைத்தால் பலமில்லை. பாரைக் குட்டையாக்கட்டுமா?

ஐயா, பாரைத் தொடாதீர்கள். மெஷினை முதலில் நிறுத்துங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு. அதற்குத் தகுந்தபடி கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். நம் பக்கம் கடற்கரை, காற்று அடர்த்தி. அதே திருகு நிலையில் இங்கே பெட்ரோல் போதாது. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், எண்ணெயும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. அதனால் பிஸ்டன் வறண்டு போய்ப் பிடித்துக்கொள்ளும்.

சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் தப்பித்தீர்கள். நெடுக்காகக் கீறல் இருந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். கீறல் இல்லையென்றால் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஹெச் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்புங்கள். வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் லேசாக விட்டுவிட்டு வர வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். பலம் திரும்பிவிடும், பழைய பாரே போதும். இங்கிருந்து மேலே மெஷின் கொண்டு போகிறவர்களுக்கு இது தலைகீழ்: அங்கே பலம் குறையும், ஒரு அளவு குட்டையான பார் நல்லது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: 60 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரம் விழுந்து கிடக்கிறது. 16 அங்குலம் போதுமா?

போதும். இரண்டு பக்கத்திலிருந்தும் அறுங்கள். 16 அங்குலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்.

பீனிக்ஸிலிருந்து: பழைய பார் வாங்கும்போது எதைப் பார்க்கணும் அண்ணா?

நீளம் மட்டும் போதாது. செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தை அளந்து பாதியாக்குங்கள். 9.5 மில்லிமீட்டர் வந்தால் 3/8 அங்குல செயின், 8.25 வந்தால் .325 அங்குல செயின். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் அதே அளவாக இருக்க வேண்டும். அப்புறம் காடியின் அகலம் செயினுக்குச் சேர வேண்டும், பாரின் அடித்துளை உங்கள் மெஷினில் உட்கார வேண்டும்.

ஸ்டாங்கரிலிருந்து ஒரு அக்கா: அப்பா விட்டுப்போன ஸ்டில் 070 இருக்கிறது, 30 அங்குல பார். செயின் பிரேக் கிடையாது. 19 வயது மகன் எடுக்கிறேன் என்கிறான். அந்த மெஷின் அந்தப் பாரை இழுக்குமா?

இழுக்கும் அக்கா, அது 106 சிசி. என் பயம் வேறு. பாரின் நுனி மேல்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். பிரேக் இல்லாத மெஷினில் செயினை நிறுத்த எதுவும் இல்லை, அவ்வளவு நீளத்தில் நுனி எங்கே படுகிறது என்றும் புதியவனுக்குத் தெரியாது. அப்பாவின் ஞாபகமாக அதைத் துடைத்து வையுங்கள். பிள்ளைக்குப் பிரேக் உள்ள சின்ன மெஷின் ஒன்றை 14 அங்குல பாரோடு வாங்கிக் கொடுங்கள். ஒரு சனிக்கிழமை அனுப்பி வைத்தால் நானே பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன்.