மோட்டாரை மாற்றும் முன் 100 சுற்று ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: மொட்டை மாடி அறையில் சின்ன சிஎன்சி லேத் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) வைத்து முறுக்குக் கால், விளக்குத் தண்டு என்று மரக் கடைசல் செய்கிறேன். மரத்தைப் பிடிக்கும் சக் 80 மி.மீ., அதைச் சுற்றுவது ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு ஸ்டெப்பாகச் சுழல்வது), பெல்ட் 6:1 (மோட்டார் 6 சுற்றினால் சக் 1). ரஃப் கட் (முதல் கரடு வெட்டு) முடிவதற்குள் சக் 100 சுற்று போய்விடும். அத்தனையும் திருப்பிச் சுற்றி வர நேரமாகிறதே என்று நின்ற இடத்திலேயே ஜீரோ வைத்துவிட்டு முறுக்கு வெட்டுவேன். ஒவ்வொரு தடவையும் பென்சில் குறி 6 மி.மீ. போலக் குறைந்தே நிற்கிறது. விற்றவர் குளோஸ்டு லூப் மோட்டார் (தன் இடத்தைத் தானே சரிபார்ப்பது) போடச் சொல்கிறார், 14,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கன்ட்ரோலரில் ஏ அச்சுக்கு (அதாவது சக் சுழற்சிக்கு) 'ஒரு டிகிரிக்கு எத்தனை ஸ்டெப்' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 26.66 என்று இருந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

கணக்கு இதுதான். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது) என்றால் 1,600, பெல்ட் 6:1 என்பதால் சக் ஒரு சுற்றுக்கு 9,600. அதை 360-ஆல் வகுத்தால் 26.6666... என்று முடியாமல் போகும். 26.66 என்று வெட்டிப் போட்டால் சுற்றுக்கு 2.4 ஸ்டெப் குறையும், அதாவது 0.09 டிகிரி. அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் 100 சுற்றில் அதுவே 9 டிகிரி, 80 மி.மீ. சக்கின் விளிம்பில் 6.3 மி.மீ. நீங்கள் சொன்ன அதே 6! மைக்ரோஸ்டெப் வேறாக இருந்தாலும் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள். 26.6667 என்று மாற்றினால் 100 சுற்றுக்குப் பிறகும் பிசகு கண்ணுக்குத் தெரியாது.

நம்பிக்கை வரவில்லையா, உளி மரத்தைத் தொடாமல் சக்கிலும் அதைத் தாங்கும் அசையாத ஹெட்ஸ்டாக்கிலும் ஒரே கோடாகப் பென்சில் குறி போட்டு, ஏ36000 (36,000 டிகிரி, 100 சுற்று) கொடுங்கள், குறி தள்ளி நிற்கும். அப்புறம் ஏ0-க்குத் திரும்ப அனுப்புங்கள். குறி அச்சாகச் சேர்ந்தால் மோட்டார் ஒரு ஸ்டெப்கூட விடவில்லை, தப்பு எண்ணில்தான். சேராவிட்டால் பெல்ட் தளர்வு, புல்லி ஸ்குரூ, மோட்டார் கரண்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கும் பிறகுதான் புது மோட்டார் பேச்சு. குளோஸ்டு லூப் மோட்டார் தனக்கு வந்த பல்ஸைத் தவறவிடாது, அவ்வளவுதான். தப்பான எண்ணைக் கொடுத்தால் அந்தத் தப்பை மிகச் சரியாகச் செய்யும்.

திருப்பிச் சுற்றாமல் ஜீரோ வைக்கும் உங்கள் பழக்கத்தில் தப்பில்லை, முழுச் சுற்றில் நின்றால். ஏ7236-இல் நின்றிருந்தால் அது 20 சுற்றும் 36 டிகிரியும். அங்கே ஏ0 என்று வைத்தால் 36 டிகிரி போச்சு. நின்ற இடத்தை 36 டிகிரி என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல ஜி10 எல்20 பி1 ஏ36 என்று கொடுக்க வேண்டும்.

ஏதாவது வாங்கியே தீரவேண்டும் என்று கை அரித்தால், 12 மி.மீ. இண்டக்டிவ் ப்ராக்ஸிமிட்டி சென்சார் (உலோகம் அருகில் வந்தால் உணர்வது) ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். சக்கின் பின்தட்டில் ஓர் இரும்பு ஸ்குரூ தலை நீட்டியிருந்தால் அதைப் பார்த்து சக் ஹோம் ஆகும், அதாவது தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும். எப்போதும் ஒரே பக்கமிருந்து, மெதுவாக வரச் செய்யுங்கள், இல்லையென்றால் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) கணக்கில் சேரும். கரண்ட் போய் வந்தால் பாதி வேலையைத் தொடர இது உதவும். ஓடும்போது ஏற்படும் நழுவலை இது திருத்தாது.