பில் இல்லாத திருகாணி, கூரை ஏறிய பேட்டரி

மும்பையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கரையேற்றிய படகுகளில் தச்சு வேலை, ஒயரிங், வின்ச் (வலையிழுக்கும் உருளை இயந்திரம்) மாற்றுவது எல்லாம் இந்த இரண்டு மாதங்களில்தான் நடக்கும். அதனால் இந்த வாரக் கடிதங்கள் அனைத்தும் படகுக்காரர்களுடையவை.

கேள்வி: 24 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தண்ணீர் படாமலிருக்க இரண்டு பேட்டரிகளையும் கேபின் கூரைமேல் ஏற்றிவிட்டேன். இப்போது அலையில் சாய்ந்தால் படகு நிமிர நேரமாகிறது. ஐஸ் பெட்டியையும் அமரத்துக்கு, அதாவது படகின் பின்முனைக்கு, நகர்த்தலாமா? — மாஹிம்

பதில்: முதலில் பேட்டரிகளைக் கீழே இறக்குங்கள். அதுவரை படகைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். சாய்ந்த படகு மெதுவாக நிமிர்கிறது என்றால் அதன் எடைமையம் மேலே ஏறிவிட்டது என்று பொருள். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று சுமார் 25 கிலோ இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆள் இரவும் பகலும் கூரையில் உட்கார்ந்திருக்கும் பாரம். அடியில் நீர் தேங்கும் மட்டத்துக்குச் சற்று மேலே, காற்றுப் போகிற பெட்டி ஒன்றில் வைத்துப் பட்டை போட்டு இறுக்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், காற்றோட்டம் கட்டாயம்.

ஐஸ் பெட்டியை ஊகத்தில் நகர்த்த வேண்டாம். தடை முடிந்து படகைத் தண்ணீரில் இறக்கியதும், புதிய இடத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் பத்தை வைத்துப் பாருங்கள். அது 200 கிலோ. அமைதியான நீரில், கேன் வைப்பதற்கு முன்னும் பின்னும் படகின் பக்கவாட்டில் நீர்மட்டத்தைச் சாக்கட்டியால் கோடிடுங்கள். அமரம் அமுங்கி, தட்டிலிருந்து தண்ணீர் வடியும் துளைகள் கடல் மட்டத்தை நெருங்கினால், ஐஸ் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: பழைய வின்ச்சைக் கழற்றிய துளைகளிலேயே புதியதைப் பொருத்தலாமா? — வெர்சோவா

பதில்: கூடாது. துளைகளை எபாக்சிப் பிசினால் அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள்.

கேள்வி: கைப்பிடிகளையும் கீல்களையும் இடம் மாற்ற, 'மெரைன் ஸ்டீல்' என்று சொல்லி விற்ற திருகாணிகளை வாங்கினேன். மூன்றே மாதத்தில் துருக்கறை. கடைக்காரர் கைவிரிக்கிறார். பில் இல்லை. — தாராவி

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அதே அடி எனக்கும் விழுந்தது. என் மைத்துனரும் நானும் சேர்ந்து வைத்திருந்த சிறிய படகுக்கு, கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பி நாற்பது திருகாணிகள் வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு தலைக்கும் கீழே தேநீர் வடிந்ததுபோல் பழுப்புக் கோடு. ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். தலை பளபளவென்று இருந்தது, அதன் கீழே கழுத்து எறும்பின் இடுப்பாக மெலிந்திருந்தது. பலகைக்குள் காற்றுப் புகாத ஈரத்தில் உப்பு அதைத் தின்றிருக்கிறது.

சமையலறைத் தொட்டிக்குப் போதுமான எவர்சில்வர் 304 ரகம். கடலுக்கு வேண்டியது 316. அதில் சேர்க்கப்படும் மாலிப்டினம்தான் உப்பின் அரிப்பைத் தாங்குகிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காந்தத்தை வைத்துக் காட்டி 'ஒட்டவில்லை பாருங்கள்' என்பார்கள். அது 316 என்பதற்குச் சான்றே அல்ல, 304-இலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ஆகவே வாங்குபவருக்கு மிஞ்சும் ஒரே பாதுகாப்பு, '316' என்று எழுதிய பில்.

அந்தப் பில்லைத்தான் தர மறுக்கிறார்கள். துண்டுச்சீட்டில் 'எஸ்டிமேட்' என்று கிறுக்கிக் கொடுத்து, 'பில் வேண்டுமானால் வரி சேரும்' என்று மிரட்டுகிறார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள வணிகர் 200 ரூபாய்க்கோ அதற்கு மேலோ விற்றால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பில் தந்தாக வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததை முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. இரும்புச் சாமான் கடைகளில் கூசாமல் நடக்கும் இந்த ஏமாற்றைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன், இன்னும் எழுதுவேன். பாதிக்கப்படுவது கடலுக்குப் போகிற மனிதன். கைப்பிடி பெயர்ந்து வந்தால் அவன் தண்ணீரில் விழுகிறான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். யுபிஐ மூலம் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும் துருப்பிடித்த திருகாணிகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: மேல்தட்டில் இடம் போதவில்லை. சமையல் எரிவாயு சிலிண்டரை இன்ஜினுக்குப் பக்கத்தில், தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். வாசனை வந்தால் தெரிந்துவிடும்தானே? — ஆண்டாப் ஹில்

பதில்: இன்றே வெளியே எடுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், மேல்தட்டில் நிற்கும் உங்கள் மூக்குக்கு எட்டாமலே போகலாம். இன்ஜினைக் கிளப்பும்போது ஒரு பொறி போதும். உங்களோடு வரும் மூன்று நான்கு பேருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. இடம் போதாவிட்டால் வலையைக் குறையுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்தது என்று 'மெரைன் பிளைவுட்' வாங்கித் தடுப்புப் பலகை அடித்தேன். உப்பி ஏடேடாகப் பிரிகிறது. முத்திரை எதையும் பார்க்கவில்லை. — செம்பூர்

பதில்: பார்த்திருக்க வேண்டும். கடல் ரகப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்ற தரம் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையோடு உரிம எண்ணும் பலகையில் அச்சாகியிருக்கும். அந்த எண் உண்மையானதா என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

கேள்வி: புதிய ரேடியோவுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை மாற்றிவைத்தேன். முள் தவறாகக் காட்டுகிறது. மாற்றித் தருவார்களா? — டிராம்பே

பதில்: திசைகாட்டியில் பழுதில்லை. ரேடியோவின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது. தள்ளிவையுங்கள்.

கேள்வி: மீன் தேடும் கருவி 38,000 ரூபாய்க்கு, ஓராண்டு உத்தரவாதத்துடன் முறையான பில்லோடு வாங்கினேன். நான்காம் மாதம் திரை இருண்டது. 'தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல' என்கிறார் விற்றவர். படகை நானும் தம்பியும்தான் ஓட்டுகிறோம். — சயான் கோலிவாடா

பதில்: அவர் சொல்வது தவறு. முழுக்கத் தன் பிழைப்புக்காக, சுயதொழிலில் பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தருகிறது. நீங்கள் நுகர்வோர்தான். 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். இரண்டு ஆண்டுக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: வின்ச்சை நடுவுக்கு மாற்றித் தருவதாக மெக்கானிக் ஒருவர் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். ஐந்து வாரமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகஸ்ட் 1 வந்துவிடும், கையில் ஒன்றுமில்லை. — பெயர் வேண்டாம்

பதில்: தடைக்காலத்தின் அவசரத்தைத் தெரிந்துகொண்டே உங்களை இப்படித் தவிக்க விட்டிருக்கிறார். வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய பதிவையும் இன்றே படியெடுத்து வையுங்கள். கழற்றிப் போட்ட நிலையில் வின்ச்சையும் போல்ட் துளைகளையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். ஒரு வாரக் கெடுவோடு எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் வேறொருவரிடம் வேலையை முடித்து, அவருடைய பில்லைச் சேர்த்து, முன்பணத்தையும் கூடுதல் செலவையும் கேட்டு மனுச் செய்யுங்கள். நோட்டீஸ் எழுதுவதில் சிரமம் இருந்தால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.